மாற்றியமைத்த வாகனமும் மாற்றுத்திறனாளியின் பிழைப்பும்

(அலுவலர் பயிற்சி வகுப்பொன்றில், பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'போக்குவரத்தும் வளர்ச்சியும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தலைப்பில் பேச வருவோர் நெடுஞ்சாலைகளின் நீளத்தையும் ரயில்கள் சுமக்கும் சரக்கின் அளவையும் துறைமுகங்களின் கொள்ளளவையும் எடுத்துரைப்பது மரபு. அவற்றை உங்கள் பாடநூல்கள் என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் பொருத்தப்படும் இரண்டு சிறு சக்கரங்களே அப்பொருள். அவற்றை நீங்கள் எல்லா ஊர்களிலும் பார்த்திருப்பீர்கள். எனினும் அவற்றைப் பொருளாதாரத்தின் பகுதியாக எண்ணியிருக்க மாட்டீர்கள். நானும் நெடுங்காலம் எண்ணியதில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், 1990-களின் பிற்பகுதியில், தில்லியில் என் பிரிவில் எழுத்தர் ஒருவர் இருந்தார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் அவருடைய இரு கால்களும் வலுவிழந்திருந்தன. கால்களில் இரும்புப் பட்டையும் கைகளில் ஊன்றுகோல்களுமாக இரண்டு பேருந்துகள் மாறி அலுவலகம் வருவார். பேருந்து நிற்குமுன் ஏறுவதும் நிற்குமுன் இறங்குவதும் தில்லியில் அந்நாளைய வழக்கம். அது அவருக்கு இயலாது. ஆகவே நின்று புறப்படும் பேருந்துக்காக முனையத்துக்கே நடப்பார். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால்தான் பத்து மணிக்குக் கையெழுத்திட முடியும். பதவி உயர்வுடன் நகரின் மறுகோடியில் இருந்த அலுவலகத்துக்கு மாற்றல் வந்தபோது, பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் என் மேசை வழியாகத்தான் மேலே சென்றது. 'சொந்தக் காரணங்களால்' என்று அவர் காரணம் எழுதியிருந்தார். நானும் அதை அப்படியே ஏற்றுக் குறிப்பெழுதினேன்.

அடுத்த ஆண்டு அவர் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, கரோல் பாக் பகுதியில் ஒரு பட்டறையில் கொடுத்து இருபுறமும் சக்கரம் பொருத்திக்கொண்டார். அதன்பின் ஒன்பது மணிக்குப் புறப்பட்டு எங்களுக்கு முன்பாக வந்து அமர்ந்திருப்பார். மறுமுறை வந்த பதவி உயர்வை ஏற்றுக்கொண்டு சென்றார். ஒரு மனிதரின் ஊதிய விகிதத்தை உயர்த்திய முதலீடு, பட்டறையில் வெல்டிங் வைத்த ஓர் இரும்புச் சட்டமும் இரண்டு சிறு டயர்களும் ஆகும். மூலதனம், உற்பத்தித் திறன் என்ற சொற்களைப் பட்டமேற்படிப்பில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவற்றின் பொருளை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இக்கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்ல வந்திருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு விபத்தில் அந்த ஸ்கூட்டர் சிதைந்தது. அவருக்கும் தோள்பட்டை முறிந்தது. காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. பதிவுச் சான்றில் இருப்பது இரு சக்கர வாகனம், விபத்துக்குள்ளானதோ வேறு வகை வாகனம் என்பது அவர்கள் வாதம். பதிவு அலுவலகத்துக்குச் சென்று மாற்றத்தைப் பதிந்து தருமாறு கேட்டபோது, அங்கிருந்தவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். அவர்கள் காட்டியது தவறன்று என்பதே இதில் வருந்தத்தக்கது.

அச்சட்டத்தின் வாசகத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஆங்கிலேயச் சட்டத்தை அடியொற்றி, 'இன்வாலிட் கேரேஜ்' என்றொரு வாகன வகையை வரையறுத்தது. உடற்குறை உள்ளவர் ஒருவரின் பயன்பாட்டுக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதும், 'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டது அல்லாததுமான' மோட்டார் வாகனம் என்பது அந்த வரையறை. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இதே சொற்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் இச்சொற்களுக்குப் பொருள் இருந்தது. அங்கே பெர்ட் கிரீவ்ஸ் என்னும் பொறியாளர், நடக்க இயலாத தம் உறவினர் ஒருவருக்காக மோட்டார் வண்டி ஒன்றை உருவாக்கினார். அதிலிருந்து 'இன்வாகார்' என்னும் தொழிற்சாலையே தோன்றியது. போருக்குப் பிந்திய பிரிட்டன் அரசு இத்தகைய நீலநிற மூன்று சக்கர வண்டிகளைத் தொழிற்சாலையில் செய்வித்து, ஊனமுற்றோருக்கு வழங்கியது. 2003 மார்ச் இறுதியுடன் அவ்வண்டிகள் பாதுகாப்புக் காரணத்தால் சாலையிலிருந்தே விலக்கப்பட்டன என்பது வேறு கதை. ஆனால் சட்டம் 'தனியாகக் கட்டப்பட்டது' என்று கூறியபோது, அப்படிக் கட்டித் தரும் ஆலையும் அதற்குப் பணம் தரும் அரசும் அங்கே இருந்தன.

நம் நாட்டில் சட்டம் வந்தது; ஆலை வரவில்லை. கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் 1972-இல் நிறுவப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளை அது பெருமளவில் செய்து தந்தது; பிற்காலத்தில் மின்கல வண்டிகளும் தந்தது. 1981-இல் தொடங்கிய உதவிச் சாதனத் திட்டத்தின் வழியே அவை ஏழைகளைச் சென்றடைந்தன. அப்பணியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்று வேலை பார்த்துத் திரும்ப வேண்டியவருக்குக் கைவண்டி போதாது. ஆகவே மக்கள் சந்தையில் கிடைத்த ஸ்கூட்டரை வாங்கிப் பட்டறையில் மாற்றிக்கொண்டார்கள். சட்டத்தின் பார்வையில் அது 'வெறுமனே மாற்றியமைக்கப்பட்டது'. நாட்டில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்த ஊர்தி எதுவோ, அதைச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருந்தது.

நிலைமை பின்னர் இன்னும் இறுகியது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் எந்த வாகனத்தையும் உரிமையாளர் மாற்றக்கூடாது. சாலைப் பாதுகாப்புக்கு இத்தகைய விதி தேவையே. பேருந்தின் நீளத்தை மனம்போல் கூட்டுவோரையும், செவியைப் பிளக்கும் புகைக்குழாய் பொருத்துவோரையும் அது தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இவ்விதியை அதன் சொற்படியே கண்டிப்பாகப் பொருள் கொண்டது. ஆனால் விளையாட்டுக்கு மாற்றுகிறவரையும் பிழைப்புக்கு மாற்றுகிறவரையும் ஒரே வலையில் பிடித்த விதி அது. பல பதிவு அலுவலர்கள் மனிதநேயத்துடன் நடந்து, மாற்றிய ஸ்கூட்டர்களைப் பதிந்து தந்தார்கள் என்பதை நான் அறிவேன். ஓர் ஊரில் கிடைப்பது அடுத்த ஊரில் கிடைக்காது என்னும் நிலையில், குடிமகன் சட்டத்தை நம்புவதா, அலுவலரின் இரக்கத்தை நம்புவதா?

2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 'இன்வாலிட் கேரேஜ்' என்ற பெயர் நீங்கி, 'மாற்றியமைத்த வாகனம்' என்ற பெயர் வந்தது. தனியாகக் கட்டப்பட்டதும் சரி, பின்னர் மாற்றம் செய்யப்பட்டதும் சரி, இரண்டும் அதில் அடங்கும். 52-ஆம் பிரிவில், ஒருவர் தம் வாகனத்தைப் பதிவு அதிகாரியின் பின்னேற்புடன், மத்திய அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றியமைத்த வாகனமாக ஆக்கிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. எண்பது ஆண்டுகளாக விலக்காக நின்ற சொல்லே இப்போது வகையின் பெயராக அமர்ந்திருக்கிறது. 'இன்வாலிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் 'செல்லாதது' என்றும் ஒரு பொருள் உண்டு. அச்சொல் ஓட்டுநர் உரிமத்தில் அச்சாகி இத்தனை காலம் மக்கள் சட்டைப் பையில் இருந்தது என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இனி, எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அவர்களுள் நடமாட்டக் குறையுடையோர் சுமார் 54 லட்சம். 2001 கணக்கெடுப்பில் இவ்வெண் 61 லட்சமாக இருந்தது. குறைவுக்குக் காரணம் நோய்த் தடுப்போ, கேள்வியின் சொற்களோ என்று அறுதியிடுவது எளிதன்று. கேள்வி மாறினால் விடை மாறும் என்பதைப் புள்ளியியல் மாணவர்கள் அறிவார்கள். மொத்தம் உள்ள 2.68 கோடி பேரில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினர் கிராமங்களில் வாழ்கின்றனர். ஏதேனும் ஒரு வேலை செய்து பொருளீட்டுவோர் 36 விழுக்காடு மட்டுமே. ஆண்களில் 47, பெண்களில் 23.

இளம்பிள்ளை வாதத்தைப் பொறுத்தவரை நாம் பெருமை கொள்ளலாம். 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைக் கிருமியால் ஒரு குழந்தைகூட அந்நோய்க்கு ஆளாகவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றும் கிடைத்தது. ஆகவே என் நண்பரைப் போன்றோரின் தலைமுறை முதுமை எய்திவருகிறது. ஆனால் தேவை குறைந்துவிடும் என்று கணக்கிட்டால் தவறிழைப்போம். 2022-இல் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். உயிரிழந்தவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். காயமுற்றோரில் காலை இழந்தவரும் தண்டுவடம் அறுந்தவரும் இருப்பார்கள். குழந்தைப் பருவ நோயால் வந்த ஊனத்தின் இடத்தை, குடும்பத்தைத் தாங்கும் வயதில் வந்துசேரும் ஊனம் பிடித்துக்கொண்டு வருகிறது. இவர்கள் முன்பே வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், வண்டியால்தான் பிழைத்தவர்கள்.

பொருளாதார மாணவர்கள் அமர்த்தியா சென் அவர்களின் வாதத்தை இங்கே நினைவுகூரலாம். 1979-இல் நிகழ்த்திய 'எதில் சமத்துவம்?' என்னும் சொற்பொழிவில் அவர் எழுப்பிய கேள்வி இதுதான்: ஒரே அளவு பொருளை இருவருக்கும் கொடுத்துவிட்டால் இருவரும் சமமாகிவிடுவார்களா? பின்னர் 1985-இல் வெளிவந்த நூலில் மிதிவண்டியை எடுத்துக்காட்டாக்கி, பொருள் வேறு, அப்பொருளைக் கொண்டு ஒருவர் செய்ய முடிவது வேறு என்று விளக்கினார். மிதிவண்டி இருவரிடமும் இருக்கலாம். பயணம் செய்யும் ஆற்றல் கால் உள்ளவருக்கே அதனால் கிட்டும். நம் வரவுசெலவுத் திட்டங்களில் நாம் பெரும்பாலும் பொருளை எண்ணுகிறோம்; எத்தனை வண்டி கொடுத்தோம் என்று அறிக்கை எழுதுகிறோம். அவ்வண்டியால் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று எண்ணுவதில்லை.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இது ஆய்வன்று, கரும்பலகைக் கணக்கு. ஒருவர் வேலைக்குச் சென்று வர நாள்தோறும் 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். பேருந்தில் ஏற இயலாதவர் ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் தந்தால், மாதம் 25 நாளுக்கு 3,750 ரூபாய்; ஆண்டுக்கு 45,000. அதே தொலைவை ஸ்கூட்டரில் சென்றால் அரை லிட்டர் பெட்ரோல், சுமார் 50 ரூபாய், ஆண்டுக்கு 15,000. மிச்சம் 30,000. வண்டியும் இணைப்புச் சக்கரமும் சேர்ந்து 1,10,000 ரூபாய் ஆனாலும் நான்கு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஆனால் உண்மையில் ஆட்டோவுக்கு 3,750 ரூபாய் தரக்கூடியவர் யார்? பெரும்பாலோர் அதைத் தர இயலாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆகவே ஒப்பிட வேண்டியது ஆட்டோச் செலவுடன் அன்று, ஈட்டாமலே போன ஊதியத்துடன். அந்தக் கணக்கை வாரியங்களின் கடன் விண்ணப்பப் படிவங்கள் கேட்பதில்லை.

இப்போது பட்டறைக்குள் செல்வோம். விதி எழுதும் அலுவலர்கள் ஒருமுறையாவது அங்கே சென்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஸ்கூட்டரின் வரலாறு. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக்கைப் போன்ற பழைய ஸ்கூட்டரைக் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பின்பிரேக்கை வலக்காலால் மிதிக்க வேண்டும். கிளட்சும் கியரும் இடக்கையில். கால் வலுவற்றவருக்கு அதை மாற்றித் தருவதென்றால், மிதிக்கும் பிரேக்கைக் கையால் இழுக்கும் நெம்புகோலாக்கி, உதைப்பதற்குத் துணையாள் ஒருவரையும் தேட வேண்டும். 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடும். அதை வடிவமைத்தவர்கள் மாற்றுத்திறனாளிகளை மனத்தில் கொண்டிருந்தார்களா என்பது ஐயமே. ஆயினும் எந்த நலத்திட்டமும் செய்யாத நன்மையை அந்தப் பொத்தான் செய்தது. கைகள் இரண்டும் நலமாக உள்ள ஒருவர், கால்களின் உதவியின்றி ஓட்டக்கூடிய வண்டி கடையிலேயே கிடைத்தது. மீதம் இருந்தது நிற்கும்போது விழாமல் காப்பது மட்டுமே. 2001-க்குப் பின் கியரற்ற ஸ்கூட்டர்கள் பெருகியபோது பக்கச் சக்கரத் தொழிலும் ஊர்தோறும் பெருகியது.

விழாமல் காப்பது எளிதென்று தோன்றும், அன்று. இரு சக்கர வாகனம் வளைவில் உள்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. அச்சாய்வே அதன் பாதுகாப்பு. பக்கச் சக்கரம் பொருத்தியதும் அது சாய இயலாது. வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். ஓட்டுநருடன் சேர்த்து எடையின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்சக்கரத்தையும் பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் கவிழ்கோட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவிலும் இருக்கிறதென்று கொள்ளுங்கள். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். சாதாரண ஸ்கூட்டர் அதே வளைவில் இன்னும் விரைவாகப் போகலாம். சக்கரங்களை அகலமாக வைத்தால் இந்த எல்லை உயரும். ஆனால் வண்டி சந்துக்குள் நுழையாது, வீட்டு வாசலில் ஏறாது. பட்டறைக்காரர் எந்தச் சூத்திரமும் எழுதாமல் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அகலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பெரும்பாலும் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார். எப்போதாவது தவறும்போது அதை அறிந்துகொள்பவர் ஓட்டுநர்தான்.

அடுத்தது பக்கச் சக்கரத்தின் உயரம். இரண்டு பக்கச் சக்கரங்களும் விறைப்பாக எடையைத் தாங்கி நின்றால், நடுவிலுள்ள பின்சக்கரம் சிறு பள்ளத்துக்கு மேலே வந்ததும் அந்தரத்தில் சுழலும். இயந்திரம் ஓடும், வண்டி நகராது, பின்பிரேக்கும் பிடிக்காது. வில்லைத் தளர்த்தினால் வண்டி ஒருபுறம் சாய்ந்து ஆடும். மழைக்காலத்தில் சேறு நிறைந்த தெருவில், ஊன்றுகோலை எடுத்து இறங்கித் தள்ளவும் இயலாமல், சுழலும் சக்கரத்தின்மேல் அமர்ந்திருக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். வில்லின் விறைப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே அவர் வேலைக்குச் சேர்ந்தாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இன்னொன்று: பக்கச் சக்கரங்களில் பெரும்பாலும் பிரேக் இருப்பதில்லை. எடை கூடுகிறது, நிறுத்தும் ஆற்றல் கூடுவதில்லை. சாதாரண வண்டி குழியைத் தவிர்க்க ஒரு தடம் பார்த்தால் போதும். இவர் மூன்று தடம் பார்க்க வேண்டும். முன்பு இரு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர் கைப்பிடியின் பழக்கத்தையே மறந்து புதிதாகக் கற்க வேண்டும். சாய்த்துத் திருப்பிய கை, இப்போது காரைப் போலத் திருப்ப வேண்டும்.

பின்னோக்கிச் செல்வதும் ஒரு சிக்கல். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. மற்றவர்கள் காலை ஊன்றிப் பின்னால் தள்ளுவார்கள். கால் இல்லாதவர், நிறுத்துமிடத்தில் வண்டியை முன்புறம் விட்டால் எடுக்க முடியாமல் வழிப்போக்கரை அழைக்க வேண்டும். சில பட்டறைகள் இதற்கெனத் தனிக் கியர்ப் பெட்டி பொருத்துகின்றன. மின்சார ஸ்கூட்டர் வந்தபின் இது எளிதாயிற்று. பழைய சேத்தக்கின் பெயரிலேயே 2020-இல் வந்த மின் ஸ்கூட்டர் பின்னோக்கியும் செல்லும். உதைத்துக் கிளப்ப வேண்டிய வண்டி, அரை நூற்றாண்டில் தானே பின்வாங்கவும் கற்றுக்கொண்டது.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கால் அசையாதது மட்டுமன்று, உணர்வும் இராது. புகைக்குழாயின் சூட்டில் கால் பட்டு வெந்தாலும் தெரியாது. மாலையில் வீட்டில் பார்த்துத்தான் அறிவார்கள். கெட்டியான இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால் படுக்கைப்புண் உண்டாகும். இடுப்புக்கு மேலும் பிடிப்பில்லாதவருக்கு முதுகுச் சாய்வும் பட்டையும் இன்றி ஓட்டுவது ஆபத்து. சக்கர நாற்காலியின் இருக்கையைவிட ஸ்கூட்டரின் இருக்கை உயரமானது. ஏறுவதற்கே தோள்வலிமை வேண்டும். ஏறியபின் நாற்காலியை எங்கே வைப்பது? சென்றடைந்த இடத்தில் நாற்காலி இல்லையென்றால் அவர் ஸ்கூட்டரிலேயே சிறைப்பட்டவர். இக்குறையைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஒரு முயற்சி வேறு வழியில் தீர்த்தது. சக்கர நாற்காலியின் முன்னே மின்மோட்டார் பொருத்திய சக்கரம் ஒன்றை மாட்டிக்கொண்டால், நாற்காலியே மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் வண்டியாகிறது. 'நியோபோல்ட்' என்ற பெயரில் 2021-இல் அது அறிமுகமானது. உணவு கொண்டுசேர்க்கும் வேலையைக்கூட அதில் அமர்ந்து சிலர் செய்கிறார்கள்.

ஒரு கையோ ஒரு காலோ இழந்தவரின் தேவை வேறு. இடக்காலை இழந்தவர் கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட விரும்பினால், கியரைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். வலக்காலை இழந்தவருக்குப் பின்பிரேக்கைக் கைக்கு மாற்ற வேண்டும். வலக்கையை இழந்தவருக்கு ஆக்சிலரேட்டரை இடப்புறம் கொண்டுவந்து, இரு பிரேக்குகளையும் ஒரே நெம்புகோலில் இணைக்க வேண்டும். இவர்களுக்குப் பக்கச் சக்கரமே தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் நம் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே உருவத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: கால்கள் வலுவற்றவர், கைகள் நலமானவர். தமிழ்நாட்டு அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை ஆண்டுதோறும் வழங்கிவருவது பாராட்டத்தக்கது. அங்கே மாவட்டத் தலைநகரங்களில் இவ்வண்டி இன்று இயல்பான காட்சி. அத்திட்டமும் அந்த உருவத்துக்கே பொருந்துகிறது. ஒரு கை இழந்தவருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கண்டுபிடிப்பது கடினம்.

சலுகைகள் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, கட்டுபடியாகும் செலவில் தனிநபர் நடமாட்டத்தை வளர்க்கும் திட்டங்களை வகுக்கச் சொல்கிறது. அதில் வாகனங்களை மாற்றியமைப்பதும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2020 அக்டோபரில் பதிவு விண்ணப்பப் படிவம் திருத்தப்பட்டு, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்க இடம் விடப்பட்டது. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய சரக்கு, சேவை வரிக் குழு, மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கான மாற்றுப் பொருத்துக் கருவிகளின் வரியை 5 விழுக்காடாகக் குறைத்தது. 1997-இல் தொடங்கப்பட்ட தேசிய நிதிக் கழகம் குறைந்த வட்டியில் கடன் தருகிறது. பல மாநிலங்கள் சாலை வரியை விலக்கியிருக்கின்றன.

ஆனால் 5 விழுக்காடு வரிச்சலுகை யாரைச் சேரும் என்று கேட்க வேண்டும். ரசீது போட்டு விற்கும் உற்பத்தியாளரிடம் வாங்கினால் கிடைக்கும். சந்துப் பட்டறையில் இரும்பு வாங்கி வெல்டிங் வைக்கும் தொழிலாளி, கருவி என்று எதையும் விற்பதில்லை, உழைப்பைத்தான் விற்கிறார். மாற்றியமைத்த வாகனத்துக்கு ஒப்புதல் தரும்போது, சோதனை நிலையத்தின் சான்று பெற்ற கருவிதான் வேண்டுமென்று வற்புறுத்தினால் பட்டறைக்காரர் தொழிலை இழப்பார். சிற்றூர்க்காரர் சான்று பெற்ற கருவி கிடைக்கும் நகரத்துக்கு அலைவார். வற்புறுத்தாவிட்டால், நான் முன்பு சொன்ன வில்லும் அகலமும் தற்செயலுக்கு விடப்படும். பாதுகாப்பும் எட்டும் தொலைவும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் இது. என் சொந்தக் கருத்து, பட்டறைகளை விலக்காமல் அவர்களுக்குப் பயிற்சி தந்து, நான்கைந்து நிலையான வரைபடங்களை இலவசமாக வெளியிட்டு, மாவட்டத்துக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சோதித்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்யலாம் என்பது. இதற்கு வேண்டிய பணம் சிறிது. இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால் காலம்தான் பெரிதாகும். கோப்புகளுடன் முப்பது ஆண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

உரிமத்தின் கதையும் உண்டு. பயிற்சிப் பள்ளிகளில் இவ்வகை வண்டி இருப்பது அரிது. கற்பதற்கு வண்டி வேண்டும். வண்டியைத் தெருவில் ஓட்ட உரிமம் வேண்டும். தேர்வுக்கும் சொந்த வண்டியுடன் வர வேண்டும். ஆகவே ஓட்ட முடியுமா என்று தெரியுமுன்பே கடன் வாங்கி வண்டியை மாற்றிவிட வேண்டியிருக்கிறது. முடியவில்லையென்றால் அந்த வண்டியை யார் வாங்குவார்?

என் நண்பர் ஓய்வு பெற்று, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு மாவட்டத் தலைநகரில் வாழ்கிறார். ஊன்றுகோலிலேயே வாழ்நாளைக் கழித்ததால் இப்போது தோள்களும் தேய்ந்துவிட்டன. 2021-இல் அவர் புதிய ஸ்கூட்டர் வாங்கி, சக்கரம் பொருத்தி, அதை மாற்றியமைத்த வாகனமாகப் பதிந்து, உரிமத்தையும் மாற்றிக்கொண்டார். தேர்வு மைதானத்தில் இரு சக்கர வாகனங்களுக்கென்று சுண்ணாம்பால் எட்டு வரைந்திருந்தார்களாம். அந்த எட்டுக்குள் அவருடைய வண்டி திரும்பாது. ஆய்வாளர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு தம் காலணியால் கோட்டை அழித்துவிட்டு, சுண்ணாம்பு வாங்கி வந்து பெரிய எட்டு ஒன்றைத் தாமே போட்டார். நண்பர் அதைச் சுற்றி வந்தார்.

இதைத் தொலைபேசியில் கேட்டபின் விதிப் புத்தகங்களை எடுத்துத் தேடிப் பார்த்தேன். மாற்றியமைத்த வாகனத்துக்கு அந்த எட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று நான் புரட்டிய பக்கங்கள் எதிலும் கண்டேனில்லை. உங்களில் யாரேனும் போக்குவரத்துத் துறைக்குச் செல்வீர்களாயின், அந்த அளவைக் கேட்டு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.